மார்கழியும் இன்ஜின் பிரீதரும்: வேலூரில் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்கழி பிறந்தால் எங்கள் காட்பாடி ஒர்க்‌ஷாப்பில் ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்பார்கள். ஆயில் மூடியின் அடியில் வெள்ளைப் பசை, ஏர் ஃபில்டரில் ஆயில் ஈரம், நிறுத்திய இடத்தில் தரையில் சொட்டு. வருகிறவர்கள் பயந்துபோய் வருகிறார்கள். சிலரிடம் முன்பே யாரோ "இன்ஜினை இறக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். உண்மையில் பெரும்பாலான இன்ஜின்களில் உடைந்தது எதுவும் இருப்பதில்லை. முழுதாகச் சூடேற வாய்ப்பில்லாமல் ஓடுகின்றன, அல்லது பிரீதர் என்று நாங்கள் சொல்லும் மூச்சு விடும் வழி அடைத்துக்கிடக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே தயிர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. ஆயிலோடு சிறிதளவு தண்ணீர் சேர்ந்து அடிபட்டால், மத்தில் கடைபட்டதுபோல வெளுத்துக் குழம்பிவிடும். அதுதான் நீங்கள் பார்க்கும் பசை. ஆயில் ஊற்றும் மூடி இன்ஜினின் உச்சியில், வெளிக்காற்று படும் இடத்தில் இருக்கிறது. இன்ஜினில் கடைசியாகச் சூடாகும் இடங்களில் அதுவும் ஒன்று. இட்லிக் குண்டானின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நீர் கோத்திருக்கும் அல்லவா, அதேபோல உள்ளே கிளம்பும் நீராவி இந்த மூடியில் வந்து குளிர்ந்து நிற்கிறது.

பசையைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதில் ஆயில் வழக்கமான நிறத்தில் இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால், ஒருமுறை நெடுஞ்சாலையில் ஆம்பூர் வரை போய்த் திரும்புங்கள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அதற்குப் பிறகு மூடி சுத்தமாக இருந்தால் கவலையை விட்டுவிடலாம்.

பிரீதர் பிரீதர் என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது?

பிஸ்டனைச் சுற்றி எவ்வளவு நல்ல ரிங் இருந்தாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே, ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். புது இன்ஜினிலும் இது உண்டு. அந்த வாயுவில் நீராவி, எரியாத பெட்ரோல், அமிலத்தன்மையுள்ள பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. அதை வெளியே எடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஆயிலும் கெடும். எடுப்பதற்கான வழிதான் பிரீதர். இன்ஜினின் உச்சியை மூடியிருக்கும் டேப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் ஒரு ஹோஸ் போகும். சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் இன்னொரு ஹோஸ் போகும். முதல் ஹோஸ் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே வருகிறது. இரண்டாவதன் வழியாகக் கெட்ட வாயுவை இன்ஜினே உறிஞ்சி மறுபடியும் எரித்துவிடுகிறது.

அந்த இரண்டாவது ஹோஸில் இருக்கும் சிறிய ஒருவழி வால்வுக்குப் பிசிவி வால்வு என்று பெயர். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் அழுத்தாமல் நின்றபடி ஓடும்போது, உறிஞ்சும் விசை அதிகம் என்பதால் அது வழியைச் சுருக்கிக்கொள்ளும். ரோட்டில் ஓடும்போது அகலமாக்கும். இன்ஜின் பின்னடித்தால் மூடிக்கொண்டு தீ கீழே இறங்காமல் தடுக்கும். பழைய காலத்துக் கார்களில் இந்த வாயுவை ஒரு குழாய் வழியாக ரோட்டிலேயே விட்டுவிடுவார்கள். ஊர்க் காற்று கெடுகிறது என்று கண்ட பிறகு, கலிபோர்னியாவில் விற்ற கார்களில் 1961 மாடல் முதலும், அமெரிக்கா முழுவதும் 1963 மாடல் முதலும் இந்த மூடிய முறை வந்தது. இன்று நம் ரோட்டில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது.

பேக் கம்ப்ரஷன் என்று மெக்கானிக் சொன்னார். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் உறவு உண்டு. ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்து, கீழே இறங்கும் வாயு அளவுக்கு மீறிப் போவதைத்தான் நாம் பேக் கம்ப்ரஷன் என்கிறோம். அது போர் வேலை வரை கொண்டுபோகும் நோய். பிரீதர் அடைப்பு என்றால், இறங்கும் வாயு சாதாரண அளவில்தான் இருக்கிறது, வெளியேறத்தான் வழியில்லை. வெளியே தெரியும் அறிகுறி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்: டிப்ஸ்டிக் குழாயில் புகை, ஏர் ஃபில்டரில் ஆயில், சீல்களில் கசிவு. ஹோஸைக் கழற்றிப் பார்க்காமல் போர் வேலைக்கு விலை பேசுகிறவரிடம் காரை விடாதீர்கள். பிரித்தறியும் வழியைக் கீழே, வீட்டுச் சோதனை பற்றிய பதிலில் சொல்கிறேன்.

நான் ரேடியேட்டருக்கு மட்டும்தான் கூலன்ட் ஊற்றுகிறேன். ஆயில் பக்கம் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பெட்ரோலிலிருந்து வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் உண்டாகும் நீர் அது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. விடியற்காலையில் காரைக் கிளப்பியதும் சைலன்சர் முனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது அதனால்தான். அந்த ஆவியில் சிறு பங்கு ரிங்கைத் தாண்டி இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் சேம்பருக்குள் இறங்குகிறது. சேம்பரும் டேப்பெட் கவரும் குளிர்ந்திருந்தால் அது அங்கேயே நீராகிவிடும். சூடாக இருந்தால் ஆவியாகவே இருந்து பிரீதர் வழியாகப் போய்விடும். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இதுதான்.

வேலூரில் என்ன பெரிய குளிர் இருக்கிறது? அக்னி நட்சத்திரத்துக்குப் பேர்போன ஊர் இது.

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. நம் ஊரில் பனிக்கட்டி உறையாதுதான். ஆனால் இன்ஜினுக்குக் குளிர் என்பது வேறு கணக்கு. அது 85, 90 டிகிரியில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. கத்திரி வெயிலில் 40 டிகிரியில் நிற்கும் கார் ஏற வேண்டியது ஐம்பது டிகிரி. மார்கழி விடியலில் இருபதுக்குக் கீழே நிற்கும் கார் ஏற வேண்டியது எழுபது. ஓடும் தூரமோ இரண்டு காலத்திலும் அதே தூரம்தான்.

தூரத்தைச் சொன்னேன் அல்லவா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. சத்துவாச்சாரியிலிருந்து மருத்துவமனை வரை வேலைக்குப் போகிறவரின் கார் நாலைந்து கிலோமீட்டர் ஓடுகிறது. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். முள் காட்டுவது கூலன்டின் சூட்டை மட்டும். ஆயில் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் ஏறும். இருபது நிமிடமாவது ஓட்டம் வேண்டும். ஆயில் சூடாவதற்குள் கார் பார்க்கிங்குக்குள் போய்விடுகிறது. மாலையில் திரும்பும்போதும் அதே கதை. ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் சேர்கிறது, ஒருமுறைகூட உலர்வதில்லை. என்னிடம் வந்த மோசமான பசைகளில் பெரும்பாலானவை மிகக் குறைவாக ஓடிய, மிகப் பத்திரமாக வைத்திருந்த கார்களில்தான் இருந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் கார்கள், கோவிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போகும் கார்கள்.

அப்படியென்றால் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்தால் போதுமா?

வேண்டாம். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் மிக மெதுவாகச் சூடாகும். அந்த நேரம் முழுவதும் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ஆவியும் சேம்பருக்குள் இறங்கிக்கொண்டேயிருக்கிறது. வீட்டில் சும்மா நிற்கும் காரை நாள்தோறும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிறார்கள். ஆயிலுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. கிளப்பி அரை நிமிடம் கழித்து மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள், முள் ஏறும்வரை ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள். வாரத்தில் ஒருநாள் ஆற்காடு வரை நிறுத்தாமல் போய் வாருங்கள். போக வர ஐம்பது கிலோமீட்டர். வாரம் முழுவதும் சேர்ந்த ஈரம் அதில் வெளியேறிவிடும்.

போன சித்திரையில் ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியான சம்பந்தம் உண்டு. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இன்ஜின் கொதித்தால் முதல் வேலை தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிவது என்று பல இடங்களில் செய்கிறார்கள். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கும் கதவு. பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அதை எடுத்துவிட்டால் முதல் நொடியிலிருந்தே கூலன்ட் ரேடியேட்டரைச் சுற்றும். நெடுஞ்சாலையில் மார்கழிக் காற்று முகத்தில் அடிக்கும்போது அந்த இன்ஜின் உரிய சூட்டுக்கு வருவதேயில்லை. ஆம்பூர் போனாலும் ஆகாது, ஓசூர் போனாலும் ஆகாது. மேலே நான் சொன்ன நூறு கிலோமீட்டர் வைத்தியம் இந்தக் காரில் பலிக்காது.

அதோடு நிற்பதில்லை. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே விட்டுக்கொண்டிருக்கும். மைலேஜ் குறையும், மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும், ஆயில் நீர்த்துப்போகும். ஸ்கேனரில் பி0128 என்ற எண் வந்தால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவில்லை என்று பொருள். முதலில் சந்தேகிக்க வேண்டியது தெர்மோஸ்டாட்டைத்தான்.

சித்திரையில் கொதித்ததற்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில் இருக்கும். நம் ஊர் போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றி உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கும். அல்லது ஃபேன் சரியாகச் சுற்றாது. ரேடியேட்டரைச் சரிசெய்து, கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் கலந்து ஊற்றி, புது தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். சித்திரையும் தாங்கும், மார்கழியும் தாங்கும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, திறக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தூக்கி எறிய விடுவார். பத்தில் ஏழு நல்லதாகவே இருக்கும்.

ஹெட் கேஸ்கட் போனாலும் வெள்ளையாகத்தானே வரும்? எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது?

நியாயமான பயம். ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் பிரித்துவைக்கும் தகடு. பசை எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூடியிலும் பிரீதர் ஹோஸிலும் மட்டும் இருந்தால் அது ஆவி. டிப்ஸ்டிக்கிலேயே, அதாவது கீழே சேம்பரில் உள்ள ஆயிலே, பால் விட்ட காப்பி நிறத்துக்கு வந்திருந்தால் கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது காரை ஓட்ட வேண்டாம், இழுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது கூலன்ட் அளவு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வாயரில் ஒரு கோடு போட்டுவைத்து ஒரு வாரம் பாருங்கள். ஆவியால் வந்த பசை என்றால் கோடு இறங்காது. கேஸ்கட் போயிருந்தால் இறங்கும். ரிசர்வாயரில் குமிழி வரலாம், நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் அடர்ந்த வெள்ளைப் புகை தொடரலாம். காலைக் குளிரில் வரும் மெல்லிய புகை வேறு, அது ஐந்து பத்து நிமிடத்தில் மறைந்துவிடும். இன்னும் சந்தேகம் என்றால் ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் இருக்கிறது. எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். சில நிமிட வேலை. ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பிரீதர் அடைத்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

சாதாரண பெட்ரோல் கார் என்றால் முடியும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங்கில் விட்டு, ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். காகிதத்தை லேசாக உள்ளே இழுத்துப் பிடித்தால் பிரீதர் வேலை செய்கிறது. தூக்கி எறிந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. சில இன்ஜின்களில் ஆயில் தெறிக்கும், முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். மூடியைத் திறந்ததும் சில கார்களில் இன்ஜின் தடுமாறும். அளக்காத காற்று உள்ளே போவதால் வரும் தடுமாற்றம் அது, பயப்பட வேண்டாம்.

காகிதம் எகிறினால் அடுத்ததாக, மேனிஃபோல்டு பக்கத்து ஹோஸை வால்வோடு கழற்றி விரலால் மூடிப் பாருங்கள். விரலை உறிஞ்சவில்லை என்றால் வால்வோ ஹோஸோ அடைத்திருக்கிறது, செலவு சிறிது. நன்றாக உறிஞ்சியும் காகிதம் எகிறுகிறது என்றால், டேப்பெட் கவருக்குள் இருக்கும் வழியையும் சுத்தம் செய்து பார்த்துவிட்டு, அதற்கும் அடங்காவிட்டால் பேக் கம்ப்ரஷன் என்று முடிவுக்கு வரலாம். அப்போதும் கம்ப்ரஷன் சோதனை செய்து எண்ணைக் கையில் வாங்கிய பிறகே போர் வேலை பற்றிப் பேசுங்கள்.

கிராங்க் ஆயில் சீலை ஒரே ஆண்டில் இரண்டு முறை மாற்றிவிட்டேன். மறுபடியும் கசிகிறது. மட்டமான சீலா?

சீலைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே சேரும் அழுத்தம் எந்த இடம் இளகியிருக்கிறதோ அந்த வழியாக வெளியேறும். பழைய சீல் கசிந்தது. புதுச் சீல் போட்டார்கள். அழுத்தம் அப்படியே இருக்கிறது. அதுவும் சில மாதங்களில் கசிந்தது.

குடியாத்தத்திலிருந்து ஒருவர் இப்படித்தான் வந்தார். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை கியர்பாக்ஸை இறக்கிப் பின் சீலை மாற்றியிருந்தார்கள். இரண்டு முறையும் கூலி கொடுத்திருந்தார். நாங்கள் டேப்பெட் கவரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றினோம். சுண்டுவிரல் பருமனுள்ள ஹோஸின் வளைவில் பசை காய்ந்து கறுத்துக் கெட்டிப்பட்டு, ஊதினால் காற்று மறுபக்கம் வரவில்லை. ஹோஸும் வால்வும் மாற்றினோம். சீலைத் தொடவே இல்லை. கசிவு நின்றுபோனது. அவர் அன்று கோபப்படவில்லை. இந்த ஹோஸ் இங்கே இருப்பதே தனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னார். இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நாளில்தான்.

பிசிவி வால்வைப் பெட்ரோலில் கழுவிப் போட்டால் போதாதா?

உலோகத்தாலான பழைய வகை என்றால் த்ராட்டில் பாடி கிளீனர் அடித்துக் கழுவலாம். குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். பிளாஸ்டிக் வால்விலோ ரப்பர் சவ்வு உள்ளதிலோ பெட்ரோல் படக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும். விலை குறைந்த உதிரிபாகம்தான், மாற்றிவிடுவதே நல்லது. புதிய மாடல்கள் சிலவற்றில் வால்வு டேப்பெட் கவரோடு ஒன்றாகச் சேர்ந்திருக்கும். தனியாகக் கிடைக்காது, கவரையே மாற்ற வேண்டும்.

ஐட்லிங்கில் விசில் மாதிரி சத்தம் வருகிறது, செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. இதுவும் பிரீதரா?

இருக்கலாம். அடைப்புக்கு நேர் எதிரான பழுது இது. சவ்வு கிழிந்தாலோ வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலோ, அளவில்லாமல் காற்று மேனிஃபோல்டுக்குப் போகும். ஸ்கேனரில் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற எண் வரும். மூடியைத் திறக்கவே கடினமாக இருக்கும் அளவுக்கு உள்ளே உறிஞ்சும். ஆயிலையும் சேர்த்து இழுப்பதால் நீலப் புகை வரும். குளிரில் ரப்பர் விறைப்பதால் நைந்துபோன சவ்வு மார்கழியில் கிழிவதைப் பார்த்திருக்கிறேன்.

பிரீதர் ஹோஸைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

தொல்லை இடம் மாறும். உறிஞ்சி இழுக்க எதுவும் இல்லாததால் ஈரம் சேம்பரிலேயே தங்கிவிடும், பசை கூடும். திறந்த முனை வழியாகப் புழுதி உள்ளே போகும். அந்த வாயு உடல்நலத்துக்குக் கேடானது, அதைக் காற்றில் விடக்கூடாது என்பதே நம் நாட்டு மாசு விதி. உங்கள் காருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சைக்கிளில் வந்துகொண்டிருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் கேட்ச் கேன் போடலாமா?

ஆயிலையும் நீரையும் வழியிலேயே பிடித்துவைக்கும் டப்பா அது. டர்போ பெட்ரோல் காருக்குப் பயனுண்டு. ஆனால் குளிர்காலத்தில் அது வேகமாக நிரம்பும். மாதம் ஒருமுறை காலி செய்யாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும். காலி செய்யும் பொறுமை இல்லாதவர்கள் போட வேண்டாம். வாரன்டி உள்ள காரிலும் வேண்டாம்.

என்னுடையது டீசல் கார். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு, கொஞ்சம் வேறுவிதமாக. டீசலில் பெட்ரோல் இன்ஜின் அளவுக்கு உறிஞ்சும் விசை கிடையாது. ஆயிலைப் பிரிக்கும் அறையும் அழுத்தத்தைச் சமன்படுத்தும் சவ்வும் வைத்து, வாயுவை டர்போவின் முகப்பில் விடுவார்கள். ஆகவே மேலே சொன்ன காகிதச் சோதனையில் டீசல் கார் காகிதத்தை லேசாகத் தள்ளினால் பதறாதீர்கள். டர்போவுக்குப் போகும் குழாயில் மெல்லிய ஆயில் ஈரமும் இயல்பானதே. ஆயில் தேங்கி நின்றால் பார்க்க வேண்டும்.

பிஎஸ்-6 டீசல் வைத்திருக்கிறேன். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது. பிறகு ஒரு நீண்ட பயணத்தில் திடீரென்று இறங்கிவிட்டது. எப்படி?

ஏறியது ஆயில் அல்ல. இந்தக் கார்களின் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் விடும். ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓட்டினால் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று தொடங்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்கும். அதோடு நீரும் சேரும். அளவு ஏறியதுபோலத் தெரியும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாசனை வரும்.

பெட்ரோல் காரிலும் மார்கழியில் சிறு அளவில் இதுபோல நடக்கும். நெடும்பயணத்தில் ஆயில் நன்றாகச் சூடானதும் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் பிரீதர் வழியாகப் போய்விடுகின்றன. உண்மையில் குறைந்துபோயிருந்த ஆயில் அளவு அப்போதுதான் வெளிப்படுகிறது. இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று பயந்து வருவார்கள். டீசல் மட்டும் பெட்ரோல் அளவுக்கு எளிதில் ஆவியாகாது. டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

சிஎன்ஜிக்கு மாற்றிய பிறகு பசை அதிகமாகிவிட்டது. கிட் சரியில்லையா?

கிட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இயற்கை வாயுவில் ஹைட்ரஜன் பங்கு அதிகம். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் தண்ணீர் பிறக்கும். அதே தூரத்துக்குப் பெட்ரோலைவிட அதிக நீராவி. ஊருக்குள் மட்டும் ஓடும் சிஎன்ஜி காருக்கு மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை ஆயில் மாற்றிவிடச் சொல்கிறேன்.

ஹைப்ரிட் காரில் இன்ஜின் பாதி நேரம் ஓடுவதே இல்லை. அப்படியானால் பிரச்சினையும் பாதிதானே?

இதற்கு மாறாகவே நடக்கும். சூடாகிக்கொண்டிருக்கும் இன்ஜினை அது அணைத்து அணைத்து ஓட்டுகிறது, ஆயில் சூடேற இன்னும் அதிக நேரமாகும். ஆற்காடு பயணம் இந்தக் காருக்கும் உண்டு.

எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றுவது? கையேட்டில் 10,000 என்று இருக்கிறது.

அதே கையேட்டில் கடினமான ஓட்டத்துக்கான பக்கம் ஒன்று தனியாக இருக்கும். சிறு தூர ஓட்டம், புழுதி, நெரிசல் எல்லாம் கடினமான ஓட்டம்தான். அதன்படி இடைவெளி ஏறக்குறைய பாதியாகும். நான் சொல்வது 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. தை மாதத்தில் ஒன்று விழும்படி வைத்துக்கொண்டால் மழையிலும் பனியிலும் சேர்ந்தது எல்லாம் வெளியே போய்விடும்.

பொங்கல் விடுமுறைக்கு ஏலகிரியும் ஊட்டியும் போகிறோம். எதையாவது கழற்றிப் பார்க்க வேண்டுமா?

ஏலகிரிக்கு ஒன்றும் வேண்டாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறும் இன்ஜின் நன்றாகவே சூடாகிவிடும். ஜவ்வாது மலைக்கும் அப்படியே. ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி விழும். வெள்ளையாகப் பசை கண்டால் அங்கே பதற்றப்படாமல் ஊர் திரும்பியதும் பாருங்கள்.

என் மகன் ராணுவத்தில், காஷ்மீரில் இருக்கிறான். காரை அங்கே கொண்டுபோகப் போகிறான். டிப்ஸ்டிக் தானாகவே வெளியே எகிறிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். உண்மையா ஐயா?

கம்மவான்பேட்டையிலிருந்து வந்த ஒரு தாயார் கேட்டது. வீடுதோறும் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு ஆண்டுதோறும் வருகிறது. உண்மைதான் அம்மா. நம் ஊரில் பசையாக நிற்கும் நீர் அங்கே பனிக்கட்டியாகும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் சில்லாய் கலான் என்று காஷ்மீரில் சொல்லும் கடுங்குளிர்க் காலத்தில் இரவு வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகும். லடாக்கில் இன்னும் கடுமை. கார் வேகமாக ஓடும்போது உறைகுளிர்க் காற்று பிரீதர் ஹோஸின் மேல் அடிக்கும். ஹோஸ் மேனிஃபோல்டைச் சேரும் இடத்தில் வெதுவெதுப்பான ஈர வாயுவும் உறைந்த காற்றும் சந்திக்கும். அங்கேதான் பனி கட்டும். வழி மூடியதும் அழுத்தம் ஏறி டிப்ஸ்டிக்கைத் தள்ளும், சீலைப் பிதுக்கும், சில நேரம் ஆயில் முழுவதையும் வெளியே கொட்டிவிடும்.

புறப்படும் முன் இங்கேயே செய்ய வேண்டியவை சில. பிரீதர் ஹோஸும் வால்வும் புதிதாகப் போடுங்கள். ஹோஸில் தொங்கும் வளைவு இருந்தால் நிமிர்த்துங்கள், நீர் அங்கேதான் தேங்கும். ஹோஸின் மேல் பஞ்சு உறை சுற்றுங்கள். தெர்மோஸ்டாட் கட்டாயம் இருக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும். ஆயில் கையேடு அனுமதிக்கும் 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ வகையாக இருக்கட்டும். அந்த டபிள்யூ என்ற எழுத்தே குளிர்காலத்தைக் குறிப்பதுதான். கூலன்டில் வெறும் தண்ணீர் கூடாது, உறைந்து பிளாக்கையே பிளந்துவிடும்.

அங்கே ஓட்டும்போது ஆயில் வாசனை வந்தாலோ டிப்ஸ்டிக் எழும்பியிருந்தாலோ உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். டிப்ஸ்டிக்கை உள்ளே அழுத்திவிட்டு ஓட்டத்தைத் தொடரக்கூடாது. காரை மூடிய கொட்டகைக்குள் தள்ளி, பனி தானாக உருக விட்டு, ஆயில் அளவைப் பார்த்த பிறகே கிளப்ப வேண்டும். கொதிநீர் ஊற்றக்கூடாது. ரேடியேட்டருக்கு முன் பாதிக்கு அட்டை வைப்பது அங்கே பழக்கம். வைக்கலாம், முள்ளின் மேல் கண் இருக்க வேண்டும், வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

அங்கே ஆயில் கொட்டியது. ஒர்க்‌ஷாப்பில் விட்டோம், எல்லாம் சரியாக இருக்கிறது, அடைப்பே இல்லை என்கிறார்கள். யாரை நம்புவது?

ஓட்டியவர் சொல்வதும் ஒர்க்‌ஷாப்காரர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மேலே சொன்ன பனிக்கட்டி வெதுவெதுப்பான ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரம் நின்றதுமே உருகி நீராகி ஓடிவிடும். கழற்றும்போது ஹோஸ் திறந்துதான் இருக்கும். ஆகவே அடைப்பைத் தேடச் சொல்லாதீர்கள், ஈரத்தைத் தேடச் சொல்லுங்கள். ஹோஸின் உட்புறம் வெள்ளைப் பசையோ நீர்த்துளியோ இருக்கிறதா, த்ராட்டில் பாடி அருகே தண்ணீர்த் தடம் இருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டியில் புது ஆயில் தெறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தாலும் உறைந்ததுதான் காரணம் என்று கொள்ளலாம். சில மாடல்களில் அந்த இணைப்பைச் சூடாக்கக் கூலன்ட் வழியோ மின்சாரச் சூடேற்றியோ இருக்கும். அது வேலை செய்கிறதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் காரை வாங்காதீர்கள். உருகிய நீரில் ஒரு பங்கு அதற்குள் இறங்கியிருக்கும்.